விழாதவன்

ஏழாவது அடியில் அவன் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

விழப்போகிறவனுக்கு உண்டான லட்சணமெல்லாம் இருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது, தோள் இறங்கியது, இடது முழங்கால் மடங்கித் தரையைத் தொடப்போனது. பிறகு ஏதோ நினைவு வந்தவன்போல நிமிர்ந்து, ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு, மறுபடி அவளை நோக்கி நடந்துவந்தான். அவள் இன்னொரு அடி போட்டாள். லேப்டாப் ஸ்பீக்கரில் சதசதவென்று ஓர் ஈரச் சத்தம். திரையில் சிவப்பு தெறித்தது. அப்போதும் வந்தான்.

"அட சனியனே, செத்துத் தொலையேன்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

வெளியே காலையிலிருந்து ஒரே மழை. சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தியிருந்ததில் பட்டப்பகலிலேயே அறை மங்கிக் கிடந்தது. கட்டிலடியில் மதியம் சாப்பிட்ட தட்டு காய்ந்துகொண்டிருந்தது. காயாத துணிகளின் புழுங்கிய வாசனை, ஹாலில் ஃபிரிஜ் நின்று நின்று உறுமுவது, மேல்வீட்டுக் குழாயிலிருந்து சுவருக்குள் தண்ணீர் இறங்குவது, இதெல்லாம் போதாதென்று யாரோ ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தின் பழைய லிஃப்ட் முனகுவது. எல்லாம் தினமும் கேட்கிற சத்தங்கள்தான். அன்றைக்கு மட்டும் அவள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், ஏன் என்று தெரியாமல்.

கேம் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் சிரிக்காத ஒரே ஆள் அண்ணன்தான். வீட்டில் இருந்ததே அவன் ஒருவன்தான் என்பது வேறு விஷயம். அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போன பிறகு, மீசை முளைக்காத வயதில் படிப்பை விட்டுவிட்டு லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போனவன் அவன். அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டவன், காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தவன். கழுதை வயதாகியும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அவன் மட்டும்தான். அவன் இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் சின்ன வயதிலிருந்தே அவள் வயிற்றில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. அவன் அரைமணி தாமதமாக வந்தாலும் எழுந்து நடமாட ஆரம்பித்துவிடும்.

பயிற்சி வகுப்பில் எல்லோரும் தாடி மாஸ்டர் என்று கூப்பிடுகிற ஆள்தான் சொல்லிக்கொடுத்தார். தாடியை எடுத்து வருஷங்களாகியும் பெயர் உதிரவில்லை. முதல் வேலையாக அவர் கொடுத்தது: ஒரு வீடு, ஒரு எதிரி, ஒரு ஆயுதம். கோட்டை கொத்தளமெல்லாம் கட்டக் கிளம்பாதீர்கள், குடியிருக்கிற வீட்டையே அளந்து வையுங்கள், அளவு தப்பாது என்றார். அவளும் டேப்பை எடுத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் அளந்தாள். வாசல், செருப்பு ஸ்டாண்ட், ஹால், சாப்பாட்டு மேஜை, அதைத் தாண்டி அவளுடைய அறை. கதவுகள் மட்டும் வைக்கவில்லை. கதவு அடுத்த பாடம். இப்போதைக்கு வெறும் நிலைவாசல்தான். எதிரிக்கு இரண்டே விஷயம் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார் மாஸ்டர். ஆளைப் பார்த்து நட. கைக்கு எட்டினால் அடி.

முதலில் அந்த எதிரி வெறும் சாம்பல் நிறப் பெட்டியாக இருந்தது. அதற்கு நூறு உயிர்; நாலு அடியில் சமர்த்தாக விழுந்தது. நாலு அடியில் செத்தால் யார் விளையாடுவார்கள், ஒரு அடிக்கு இருபத்தைந்து உயிர் குறைக்காதே, பதினைந்து குறை என்று மாஸ்டர் சொல்லவே, அதை மாற்றினாள். அதே கையோடு பெட்டியைத் தூக்கிவிட்டு அண்ணனை வைத்தாள்.

அது ஒரு கூத்து. முந்தின நாள் சாயங்காலம் அவன் முட்டி, தோள், இடுப்பிலெல்லாம் வெள்ளைத் தாளை ஒட்டி, ஹாலில் மேலும் கீழும் நடக்கவிட்டு ஃபோனில் படம் எடுத்தாள். எப்போதோ லிஃப்ட் குழியில் விழுந்ததில் இடது காலை இழுத்து நடப்பான். கேமில் அதுவும் அப்படியே வந்தது. குரலையும் பிடித்துக்கொண்டாள். அடி விழுகிற சத்தத்துக்கு ஒரு பூசணிக்காயை ஈரத் துண்டில் சுற்றி அவனுடைய பெரிய ஸ்பேனரால் அடித்துப் பதிவு செய்தாள். பூசணிக்காய் பிளந்து சுவரெல்லாம் விதை. கேமில் ஆயுதமும் அந்த ஸ்பேனர்தான்.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் தன்னையே பார்த்தான். தொப்பை கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டாய் என்று குறைபட்டான். பிறகு ஆர்வம் தாங்காமல் அவனே விளையாடினான். தன்னை இரண்டு அடி அடித்தான், தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. மூன்றாவதுக்குக் கையைத் தூக்கினவன் நிறுத்திவிட்டான்.

"போதும் பாப்பா. பாவம், வேலைக்குப் போற பையன்."

காலையில் எழுந்தபோது தோளை அசைக்க முடியவில்லை என்றான். சட்டையை விலக்கிக் காட்டினான். உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. கட்டில் முனையில் இடித்திருப்பேன் என்று அவனே காரணமும் சொல்லிக்கொண்டு, குடையை மறந்துவிட்டு, மழையில் கிளம்பிப் போனான்.

அதற்குப் பிறகு மதியம் தாண்டும்வரை அவள் அவனை அடித்துக்கொண்டிருந்தாள்.

கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு முரட்டுப் பிடிவாதம் உண்டு. எங்கே தப்பு என்று யோசிக்காமல், செய்ததையே இன்னும் வேகமாகச் செய்து பார்ப்பார்கள். அவளும் அதைத்தான் செய்தாள். தலையில் அடித்தாள். ஓடிவந்து அடித்தாள். மேஜைமேல் ஏறி நின்று உச்சியில் அடித்தாள். கடைசியில் கை ஓய்ந்து, கேமில் தன்னுடைய ஆளைத் தன்னுடைய அறைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கேமை ஓடவிட்டபடியே புரோகிராமை வரிவரியாகப் படிக்க உட்கார்ந்தாள். எதிரிக்கு மேஜையைச் சுற்றிவரத் தெரியாது. மேஜை விளிம்பில் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே, கால் மாற்றிக் கால் வைத்து நடந்துகொண்டிருந்தான்.

ஃபோன் அடித்தது. அண்ணனோடு வேலை செய்கிறவர். எடுத்ததும், அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டானா என்று கேட்டார். இல்லையே என்றாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

லிஃப்ட் குழிக்குள் அவன் நின்றிருந்தபோது மேலே கட்டியிருந்த இரும்பெல்லாம் அவிழ்ந்துவிட்டதாம். ஒன்றாக விழவில்லையாம். ஒவ்வொன்றாக. ஒன்று விழும், அவன் நிமிர்வான், அடுத்தது விழும். எல்லாமே அவன்மேல். யாராலும் உள்ளே இறங்க முடியவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு அவனே ஏறி வந்தான். நிறுத்தப் பார்த்தார்கள். நிற்கவில்லை.

"பாப்பா தனியா இருக்கான்னு சொல்லிக்கிட்டே போனாம்மா. மழைல நடந்தே போனான். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிருக்கேன். அந்த மண்டைய வச்சிக்கிட்டு எவனும் நடக்க முடியாதும்மா."

லிஃப்ட் முனகிக்கொண்டு மேலே ஏறியது.

லிஃப்டின் கதவு திறக்கும் சத்தம். வராந்தாவில் காலடி. ஒன்று அழுத்தமாக, ஒன்று இழுத்து. ஒன்று அழுத்தமாக, ஒன்று இழுத்து. சாவி துவாரத்தைத் தேடித் தடவியது. திறந்தது.

அண்ணா என்று கத்திக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். ஓடியவள் மேஜைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். உச்சந்தலை உள்ளே அமுங்கிக் கிடந்தது. ஒரு கண் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரல் கீழே இருந்தது. மழையில் கழுவி, ரத்தம் ரோஸ் நிறமாகச் சட்டை முழுக்க இறங்கி, தரையில் அவன் வந்த வழியெல்லாம் சொட்டிற்று. ஈர இரும்பின் வாசனை. மிஷின் ஆயிலின் வாசனை. அவன் செருப்பு ஸ்டாண்டை இடித்துக்கொண்டு, சோபாவின் கையை இடித்துக்கொண்டு, நேர்கோடாக அவளைப் பார்த்து நடந்துவந்தான்.

"பாப்பா, கால் நிக்கமாட்டேங்குது."

"வலிக்குதாண்ணா? ஆம்புலன்ஸ் வருது. உக்காரு. முதல்ல உக்காரு."

"வலிக்கவே இல்ல. அதான் பயமா இருக்கு."

மேஜை விளிம்பில் முட்டினான். சுற்றி வரவில்லை. நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் வைத்தான். தொடை மரத்தில் தேய்ந்தது. அவள் திரும்பி, திறந்திருந்த அறைக்குள், லேப்டாப் திரையைப் பார்த்தாள். அங்கேயும் அதே மேஜை. அதே விளிம்பு. இடது கால் எழும்போது அங்கேயும் இடது கால் எழுந்தது.

புரிந்தது என்று சொல்ல முடியாது. புத்தி ஒப்புக்கொள்வதற்கு முன்பே உடம்பு ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனாலும் அது அவளுடைய அண்ணன். மேஜைமேல் சாய்ந்து, அவன் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள்.

கைக்கு எட்டினாள். அடித்தான்.

பிறந்ததிலிருந்து அவள்மேல் விரல் வைக்காதவன். தாடையில் விழுந்த அடியில் அவள் நாற்காலியோடு சுருண்டு விழுந்தாள். வாயெல்லாம் உப்பு. ஒரு பல் நாக்கில் உருண்டது.

"நான் இல்ல பாப்பா" என்று அழுதான். இன்னொரு கையும் உயர்ந்தது. "சத்தியமா நான் இல்ல."

மேஜை நகர்ந்தது. அதன் கால்கள் தரையைக் கீறின. அவன் முட்டி ஒன்று மளுக்கென்று உள்பக்கமாக மடங்கியது. அதையும் வைத்து நடந்தான். மேஜை கவிழ்ந்தது. அவள் தவழ்ந்து, எழுந்து, அறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

கேமில் அந்த இடத்தில் கதவு இல்லை. அவன் கதவைத் தட்டவில்லை, தள்ளவில்லை. கதவே இல்லாததுபோல் நடந்துவந்தான். முகம் முதலில் மோதியது. பின்வாங்காமல் மறுபடி மோதியது. பூசணிக்காய்ச் சத்தம்.

மாஸ்டருக்கு ஃபோன் போட்டாள். வேறு யாருக்குப் போடுவது? எதிரி விழமாட்டேன் என்கிறான் மாஸ்டர் என்றாள். அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். சிரித்தார்.

"பதினஞ்சு பதினஞ்சா குறைக்கிறியா? உயிர் பூஜ்யம் ஆனா விழணும்னு எழுதிருப்ப. பூஜ்யத்த அது எங்கம்மா தொடும்? பத்துலேர்ந்து நேரா பூஜ்யத்துக்குக் கீழ போயிடும். அப்புறம் எவ்ளோ அடிச்சாலும் சாகமாட்டான். பூஜ்யம், இல்ல அதுக்குக் கீழன்னு மாத்து. எல்லாரும் முதல்ல பண்ற தப்புதான்."

"மாத்தினா, இப்ப இருக்கிறவன் விழுந்துடுவானா?"

"இப்ப ஓடிட்டு இருக்கிறவன்கிட்ட பழைய வரிதான் இருக்கும். ஸ்டாப் போட்டுட்டு மறுபடி ரன் போடு. புதுசா வருவான்." மெல்லுவதை நிறுத்தினார். "அங்க என்னம்மா சத்தம்?"

கதவின் மேல் பலகை பிளந்தது. ஃபோன் கையிலிருந்து நழுவிக் கட்டிலடியில் போயிற்று. பிளவில் அண்ணனின் முகம் வந்தது. மூக்கு இல்லை. உதடு இரண்டாகக் கிழிந்து தொங்கிற்று. மரச் சிலாம்புகள் கன்னத்தில் குத்தி நின்றன. உள்ளே வந்த கை காற்றில் அவளைத் தேடி அடித்தது, மறுபடி அடித்தது.

"திறந்துடாத பாப்பா" என்றான் அந்தக் கிழிந்த வாயால். "என்ன ஆனாலும் திறந்துடாத."

அவள் ஸ்டாப்பை அழுத்தினாள்.

சத்தம் நின்றது. கை தொங்கியது. அவன் உடம்பு கதவோடு உராய்ந்துகொண்டே இறங்கி மறுபக்கம் தரையில் சாய்ந்தது.

மழை மட்டும் பெய்தது. கதவைத் திறந்தாள். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவன் தலையை மடியில் எடுத்து வைக்க முயன்றாள். எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை. அவள் அழுத அழுகை அவளுக்கே கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து மூலையில் உட்கார்ந்திருந்த பயம் இப்போது வீடு முழுக்க நின்றது.

எவ்வளவு நேரமோ. லேப்டாப் கட்டில்மேல் வெளிச்சமாக இருந்தது. ஓரத்தில் ரன் பட்டன் பச்சையாக. புதுசா வருவான்.

பூஜ்யம் என்று இருந்த வரியை மாற்றினாள். ரன்னை அழுத்திவிட்டு மறுபடி அவன் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

வாசல் கதவு சாத்தித்தான் இருந்தது. சாவி நுழைந்தது. சுலபமாகத் திரும்பியது. அண்ணன் உள்ளே வந்தான். முழு மண்டை. முழு மூக்கு. தலைமுடியில் மழைத்துளி. இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு.

"என்ன பாப்பா, லைட் போடாம உக்காந்திருக்க?"

வந்துவிட்டான். அந்த ஒரு கணம் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறகு அவன் தரையைப் பார்த்தான். கிடந்தவனின் முகத்தைப் பார்த்தான். அவன் கால் மட்டும் எதையும் பார்க்காமல், கிடந்தவனின் நெஞ்சின்மேல் மிதித்து ஏறி, அவளை நோக்கி வந்தது.

"பாப்பா, கால்..." என்றான்.

லேப்டாப் கட்டிலில் இருந்தது. அவள் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. கழுத்தைப் பிடித்துவிட்டான், பிடித்துக்கொண்டு அடித்தான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடித்தான். கண் இருட்டியது. கை தரையைத் துழாவிற்று. அகப்பட்டது ஸ்பேனர், பூசணிக்காயை அடித்துவிட்டு மூலையில் போட்டது. தூக்கி அடித்தாள். ஒரு அடி, காது கிழிந்தது. அண்ணா என்று கத்திக்கொண்டு இன்னொன்று. எலும்பு உள்ளே போவது கைப்பிடி வழியாக முழங்கைவரை தெரிந்தது. ஏழாவது அடியில் விழுந்தான். வரி சரியாக இருந்தது.

ஸ்டாப்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைப் பைத்தியம் என்று சொல்லலாம். ஆனால் அவள் அதைத்தான் படித்தாள், அதை மட்டும்தான். ஓட்டிப் பார், தப்பைக் கண்டுபிடி, நிறுத்து, திருத்து, மறுபடி ஓட்டு. லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரத்தம் ஒட்டிய விரல்களால் தட்டினாள். கைக்கு எட்டினால் அடி என்ற வரியை எடுத்தாள். ரன். சாவி. வந்தான். அடிக்கவில்லை, நிற்கவும் இல்லை. நேராக அவள்மேல் நடந்து, சுவரோடு சேர்த்து நசுக்கினான், விலா எலும்பு நொறுங்கும்வரை நடந்துகொண்டே இருந்தான். ஸ்டாப். நெருங்கினால் நில் என்று எழுதப் போனாள். அவசரத்தில் கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல். ரன். சாவி. அவன் அவளைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தான். வாசல் சுவரில் பின்மண்டை மோதியது. மோதிக்கொண்டே இருந்தது. அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஸ்டாப்பைத் தேடினாள்.

ஒவ்வொருவனும் மழை வாசனையோடு வந்தான். ஒவ்வொருவனும் லைட் ஏன் போடவில்லை என்று கேட்டான். ஒவ்வொருவனும் கீழே பார்த்து நடுங்கினான். ஹாலில் இடம் குறைந்துகொண்டே வந்தது. வருகிறவன் கால் வைக்க வேறு வழியில்லாமல் மற்றவர்களின் வயிற்றில், தொடையில், முகத்தில் மிதித்து வந்தான்.

கீழே ஆம்புலன்ஸின் ஊளை கேட்டது. வேறு எந்த வீட்டுக்கோ, இந்த வீட்டுக்கோ. யாரும் மேலே வரவில்லை.

இடையில் ஒரு தடவை கவனித்தாள். முதலாமவன், கதவில் மூக்கை இழந்தவன், நிலைவாசலுக்கு வெளியே கிடந்தான் என்றுதான் ஞாபகம். இப்போது அவன் கை அறைக்குள் இருந்தது. மிதித்துத் தள்ளியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த தடவை முழங்கைவரை உள்ளே இருந்தது.

எல்லா வரியையும் திருத்தி முடித்தபோது, கடைசியாக ஒருவன் வந்தான்.

சாவி. காலடி. கீழே கிடந்தவர்களைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவர்களைத் தாண்டி, மிதிக்காமல், இடைவெளி பார்த்துக் காலை வைத்து வந்தான். அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். நின்றே இருந்தான். அவன் கை உயர்ந்தது. அவள் தலையைக் குனிந்து கண்ணை இறுக்கினாள். கை அவள் உச்சந்தலையில் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

"ஒண்ணும் இல்ல பாப்பா. நான் வந்துட்டேன்ல."

அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினாள். சூடாக இருந்தான். இதயம் ஒழுங்காக அடித்தது. அவன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தாடையைத் தொட்டுப் பார்த்து, யார் அடித்தது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். வெகுநேரம் ஹாலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல நான் எது பாப்பா?"

"நீதான் அண்ணா" என்றாள். "நீ மட்டும்தான்."

அவன் தலையாட்டினான். நம்பினான் என்றுதான் தோன்றியது.

அப்போது குவியலுக்குள் ஏதோ அசைந்தது.

மேலே கிடந்தவனின் கை சரிந்து தரையில் பட்டது. அதற்குக் கீழே கிடந்தவனின் தலை புரண்டது. அடியிலிருந்து, தரையோடு தரையாக, ஒரு கை வந்தது. விரல்கள் தரையைக் கவ்வின. இழுத்தன. அமுங்கிய உச்சந்தலை. இறங்கிய கண். மூக்கு இல்லாத முகம்.

கேம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போதெல்லாம் அவன் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் அடங்கி, ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு பிடி முன்னே. மற்றவர்களுக்கு அவள் எழுதியது எதுவும் அவனுக்கு இல்லை. அவனிடம் இருந்தது பழைய வரி. காலையில் வேலைக்குப் போனவன் அவன். தலை பின்னக் கற்றுக்கொண்டவன் அவன்.

அவள் விரல் தானாக ஸ்டாப்பின்மேல் போய் நின்றது. அழுத்தினால் அவன் நிற்பான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் விழுவான், மற்றவர்களைப்போல. மறுபடி ரன் போட்டால் இன்னொருவன் வருவான், சரியானவன்தான் வருவான். அடியில் இருப்பவனும் வருவான். ஆனால் நீதான் என்று அவள் சொன்னது இவனிடம். அந்த உடம்பின் சூடு இன்னும் அவள் கன்னத்தில் இருந்தது.

அழுத்த முடியவில்லை.

பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.

"அந்தப் பக்கம் திரும்பிக்க பாப்பா."

அவள் திரும்பவில்லை. முதல் அடி கழுத்தில் விழுந்தது. தரையில் இருந்தவன் அடித்தவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இறங்கிய கண்ணால் அவளை மட்டும் பார்த்தான். அடுத்த அடி. தாடை கழன்று ஒரு பக்கம் தொங்கியது. அடுத்தது. அந்த வாய்க்குள் நாக்கு அசைந்தது.

"வலிக்குது பாப்பா" என்றது. "இப்ப வலிக்குது."

ஸ்பேனர் உயர்ந்தது. இறங்கியது. அடிக்கிறவனும் அழுதுகொண்டுதான் அடித்தான். போயிட்டானா பாப்பா, போயிட்டானா என்று கேட்டுக் கேட்டு அடித்தான். தலை இருந்த இடத்தில் தலை இல்லை. மணிக்கட்டில் அடித்தான், எலும்பு வெளியே வந்தது, அந்த எலும்பைத் தரையில் ஊன்றி உடம்பு இன்னும் ஒரு பிடி நகர்ந்தது. அவள் முதுகு சுவரில் இருந்தது. மடியில் லேப்டாப், ஸ்டாப்பின்மேல் விரல். மீதியிருந்த கை அவள் பாதத்தைக் கண்டுபிடித்தது, கணுக்காலைச் சுற்றிப் பிடித்தது, பிடித்துக்கொண்டு இன்னொரு பிடி மேலே ஏறியது.